கையில் இருக்கும் செல்போன் யாருடையது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நுகர்வோர் நலனை ஒட்டிய ஒரு பொருளில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையை நிறுவியவரின் விருப்பம். இந்த ஆண்டுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது செல்போன். அதை வாங்குவதைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். வாங்கிய செல் பழுதானால் என்ன நடக்கிறது, யாரிடம் கொடுக்க முடிகிறது, அதைச் சரிசெய்ய யாருக்கு அனுமதி இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று நான் பேசப்போகிறேன்.

முதலில் இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்துவிடுவோம்.

2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பிஎல்-5சி என்ற பேட்டரி வகையில், ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரித்துக் கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள், சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்றது. நம் ஊரில் அன்று பெரும்பாலோர் கையில் இருந்த நோக்கியா 1100 போன்ற செல்களில் இருந்தது இந்த பேட்டரிதான். மக்கள் பதறிப்போனார்கள். பதறியவர்கள் என்ன செய்தார்கள்? பின்மூடியைக் கழற்றினார்கள், பேட்டரியை விரலால் நெம்பி எடுத்தார்கள், அதன்மேல் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்தார்கள். அந்த எண் பட்டியலில் இருந்தால் வேறு பேட்டரி இலவசமாகக் கிடைத்தது. செல் அவரவர் கையிலேயே இருந்தது.

2016இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 வந்தது. சில செல்கள் தீப்பிடித்தன. செப்டம்பரில் 25 லட்சம் செல்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. மாற்றிக் கொடுத்த செல்களும் தீப்பிடித்ததால் அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்திவிட்டது. கோளாறு பேட்டரியில்தான் என்று 2017 ஜனவரியில் சாம்சங்கே விளக்கியது. அதே ஆண்டு, நோட் 7 செல்களில் ஒரு பகுதியைச் சற்றே சிறிய பேட்டரி வைத்து, ‘ஃபேன் எடிஷன்’ என்ற பெயரில் தென்கொரியாவில் விற்கவும் செய்தது. பேட்டரியை மாற்றினால் போதும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனால் அந்த மாற்றத்தைத் தொழிற்சாலை மட்டுமே செய்ய முடிந்தது. பேட்டரி கண்ணாடிக்குக் கீழே பசை போட்டு அடைக்கப்பட்டிருந்தது. வாங்கியவரால் முழு செல்லையும் திருப்பிக் கொடுக்கத்தான் முடிந்தது.

இரண்டிலும் கோளாறு ஒன்றுதான். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் செல்லின் வேகம் கூடியது, கேமரா கூடியது, திரை பெரிதானது. அந்தக் காலத்திலேயே, எந்த அறிவிப்பும் இல்லாமல், செல்லைத் திறக்கும் அதிகாரம் வாங்கியவர் கையிலிருந்து தயாரித்தவர் கைக்குப் போய்விட்டது. 

“மெலிதாக வேண்டும், தண்ணீர் புகக் கூடாது என்று கேட்டது நுகர்வோர்தானே, அதற்காகத்தானே ஒட்டினோம்” என்பது நிறுவனங்களின் பதில். இதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5, தண்ணீருக்குள் விழுந்தாலும் தாங்கும் ஐபி67 தரச்சான்று பெற்ற செல். அதன் பின்மூடியை நகத்தால் திறக்கலாம், பேட்டரியை வெளியே எடுக்கலாம். ஒட்டாமலும் தண்ணீரைத் தடுக்கலாம் என்று அதே நிறுவனம் செய்து காட்டியிருக்கிறது.

லித்தியம் அயன் பேட்டரி தேயக்கூடிய பொருள். ஆப்பிள் தன் ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்குச் சொல்லும் கணக்கு, 500 முறை முழுதாக ஏறி இறங்கியபின் 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சும் என்பது. 15 முதல் அதை 1,000 முறை என்கிறது. இன்னொரு பக்கம் கூகுள் பிக்ஸல் 8க்கும் சாம்சங் எஸ்24க்கும் ஏழு ஆண்டு மென்பொருள் அப்டேட் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வாக்குதான். ஏழு ஆண்டு ஓடப்போகிற செல்லுக்கு நடுவில் ஒரு முறையாவது பேட்டரி மாற்றியாக வேண்டும். அதை எவ்வளவு செலவில், எந்த ஊரில், யாரிடம் மாற்றுவது என்பதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.

மிக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். கப்ளர் தேய்ந்துவிட்டால் தெருமுனைக் கடையில் புதுக் கப்ளர் வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அந்தக் கப்ளர் எந்த கம்பெனியுடையது என்று மிக்ஸி கேட்பதில்லை. செல்போன் கேட்கிறது.

ஆங்கிலத்தில் ‘பார்ட்ஸ் பேரிங்’ என்று இதைச் சொல்கிறார்கள். டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா, கைரேகை சென்சார் என்று முக்கியமான பாகங்களுக்குள் சிறிய சிப் ஒன்று இருக்கும். அதில் ஒரு வரிசை எண். தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போதே அந்த எண்களை மதர்போர்டு தெரிந்து வைத்திருக்கும். நீங்கள் பாகத்தை மாற்றினால் எண் பொருந்தாது. பொருந்தாவிட்டால் சில வசதிகள் நின்றுபோகும், அல்லது திரையில் எச்சரிக்கை வந்து நிற்கும். இரண்டு புதிய ஐபோன்களை வாங்கி, ஒன்றின் டிஸ்ப்ளேயைக் கழற்றி மற்றொன்றில் போட்டாலும் 2024 வரை இதே கதையாகத்தான் இருந்தது. பாகம் கம்பெனியுடையது, புதியது, பழுதில்லாதது. ஆனாலும் செல் அதை முழுதாக ஏற்கவில்லை, ஏனென்றால் கம்பெனியின் அனுமதி இல்லை.

2016இல் இது எங்கே போய் முடிந்தது என்று உலகம் பார்த்தது. ஹோம் பட்டனை வெளிக்கடைகளில் மாற்றியிருந்த ஐபோன்கள், ஒரு மென்பொருள் அப்டேட்டுக்குப் பின் ‘எரர் 53’ என்று காட்டிவிட்டு ஒட்டுமொத்தமாகச் செயலிழந்தன. புகைப்படங்கள், எண்கள், எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. “வெளிக்கடையில் ரிப்பேர் செய்திருக்கிறீர்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை” என்று வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பியதற்காக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் ஆப்பிள்மீது வழக்குத் தொடுத்தது. 2018 ஜூனில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வேறொருவர் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்தால் நுகர்வோரின் உரிமை இல்லாமல் போய்விடாது என்பது அந்த வழக்கில் நிலைபெற்றது. இந்த ஒரு வரி நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இன்னும் தெளிவாக ஏற வேண்டியிருக்கிறது.

2021இல் ஐபோன் 13 வந்தபோது, வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதி நின்றுபோனது. மெக்கானிக்குகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பழைய டிஸ்ப்ளேயின் ஃப்ளெக்ஸ் கேபிளில் இருந்த அந்தச் சின்னச் சிப்பை மைக்ராஸ்கோப்பின் கீழ் சூடு காட்டி எடுத்து, புது டிஸ்ப்ளேயில் வைத்துச் சால்டர் செய்வது. கை நடுங்கினால் இரண்டும் போச்சு. உடைந்த கண்ணாடியை மாற்ற இத்தனை பாடு. எதிர்ப்பு வலுத்தபின் ஆப்பிள் ஒரு மென்பொருள் அப்டேட் மூலம் அந்தத் தடையை நீக்கியது. நுண்ணோக்கி வைத்துச் செய்ய வேண்டியிருந்த வேலை ஒரே அப்டேட்டில் தேவையற்றுப் போயிற்று. தடை டிஸ்ப்ளேயில் இருக்கவில்லை, விதியில் இருந்தது.

நம்மோடு நேரடித் தொடர்புள்ள ஒரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுங்குவார்சத்திரத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் ஐபோன்கள் தயாராகின்றன. நம் மாவட்டங்களிலிருந்து போய் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அவற்றைப் பொருத்துகிறார்கள். அதே செல்லின் டிஸ்ப்ளேயைச் சென்னை ரிச்சி தெருவின் பழுதுபார்ப்புக் கடை ஒன்றில் மாற்றினால், ‘அறியப்படாத பாகம்’ என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை செட்டிங்ஸ் பக்கத்தில் வந்துவிடுகிறது. செல்லைப் பூட்டிக் கொடுக்கத் தமிழ்நாட்டின் கைகள் வேண்டும். திறந்து பார்க்க மட்டும் அவை நம்பத் தகாதவையா? எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது.

அந்தக் கைகள் என்ன செய்யக்கூடியவை என்பதை மாணவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ரிச்சி தெருவில், ஒரு மேசையும் ஒரு மைக்ராஸ்கோப்பும் போட்டால் நிறைந்துவிடுகிற கடை ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் கொண்டுவந்த செல், செத்துக் கிடந்தது. சர்வீஸ் சென்டரில் “மதர்போர்டு மாற்றணும்” என்று சொல்லிவிட்டார்களாம். கிட்டத்தட்ட புது செல்லின் பாதி விலை. “உள்ள என் பொண்ணு போட்டோ எல்லாம் இருக்குதுப்பா” என்றார் அவர். “உக்காருங்கக்கா, பாத்துரலாம்” என்றார் மெக்கானிக்.

ஹீட்டிங் பேடில் வைத்துப் பசையை இளக்கிப் பின்கண்ணாடியைத் திறந்தார். திருகாணிகளைக் காந்த விரிப்பில், கழற்றிய வரிசையிலேயே வைத்தார். போர்டை வெளியே எடுத்து மல்டிமீட்டரில் பார்த்தார். மெயின் லைனில் ஷார்ட். போர்டில் கடுகைவிடச் சிறிய கெபாசிட்டர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எது ஷார்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சால்டரிங் அயர்ன் நுனியில் ரோசினைத் தொட்டார். எழுந்த புகையைப் போர்டின்மேல் படியவிட்டார். போர்டு முழுக்க விபூதி பூசினாற்போல வெள்ளையானது. பிறகு டிசி மெஷினிலிருந்து அளவாகக் கரண்ட் கொடுத்தார். ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு புள்ளியில், வெள்ளை உருகி மறைந்தது. அந்தக் கெபாசிட்டர்தான் சூடாகிறது, அதுதான் ஷார்ட். ஹாட் ஏர் காட்டி அதை எடுத்தார். போர்டைச் சுத்தம் செய்து பேட்டரி இணைத்ததும் திரையில் கம்பெனி முத்திரை வந்தது. மதர்போர்டு மாற்ற வேண்டிய செல், ஒரு மணல் துகள் அளவுள்ள பாகத்தை நீக்கியதும் உயிர்பெற்றது.

இந்தக் கலையை எந்த கம்பெனியும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. போர்டின் வரைபடம் கேட்டால் கொடுக்கவும் மாட்டார்கள். அவர் பார்ப்பது, சீனாவிலிருந்து வரும் ஒரு மென்பொருளில், சந்தா கட்டிப் பார்க்கும் வரைபடம். உதிரிபாகம் கேட்டாலும் கம்பெனி கொடுக்காது. ஆகவே செத்த போர்டுகளிலிருந்து ஐசி கழற்றுகிறார், அல்லது கம்பெனி அல்லாத ‘காப்பி’ டிஸ்ப்ளே வாங்குகிறார். காப்பி டிஸ்ப்ளேயில் நிறம் சரியில்லை, பேட்டரி சீக்கிரம் போகிறது என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். கம்பெனியோ, “பார்த்தீர்களா, வெளிக்கடைக்குப் போகாதீர்கள்” என்று அறிவுரை சொல்லும். ஒரிஜினல் பாகம் கிடைக்காமல் செய்துவிட்டு, ஒரிஜினல் போடவில்லை என்று குறை சொல்வது நியாயமல்ல.

நிறுவனங்கள் தரப்பில் பாதுகாப்பு பற்றிய வாதம் ஒன்று உண்டு. லித்தியம் பேட்டரியைக் குத்திவிட்டால் தீப்பிடிக்கும், உண்மை. அதனால்தான் நல்ல பேட்டரியும், கழற்றும் முறையைச் சொல்லும் கையேடும் கடைக்காரருக்குக் கிடைக்க வேண்டும் என்கிறோம். மறைப்பதால் ஆபத்து குறையவில்லை. தரமற்ற பேட்டரிகள் புழங்குவதால் கூடியிருக்கிறது. இன்னொன்று, அந்தரங்கம். செல்லைக் கடையில் கொடுத்தால் நம் படங்களைப் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம், குறிப்பாகப் பெண்களுக்கு, நியாயமானது. இந்த அச்சம் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கும் பொருந்தும். சாம்சங் 2022இல் ‘மெயின்டனன்ஸ் மோடு’ என்று ஒன்று கொண்டுவந்தது. அதைப் போட்டுக் கொடுத்தால் மெக்கானிக் செல்லைச் சோதிக்கலாம், படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது. இதுபோன்ற வசதி எல்லா செல்லிலும் கட்டாயமாக வேண்டும்.

திருட்டு பற்றிய வாதம்தான் கொஞ்சம் கனமானது. பாகங்களைப் பூட்டாவிட்டால் திருட்டு செல்களை உடைத்து விற்பார்கள் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் திருடுபோனதாகப் புகார் ஆன செல்லின் பாகங்களை மட்டும் பூட்டினால் போதாதா? திருடனைப் பிடிக்க ஊர் முழுக்க எல்லார் வீட்டுக் கதவையும் வெளிப்பக்கம் தாழிட வேண்டியதில்லை.

உலகம் எந்தத் திசையில் போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்றபின்னும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளாவது மென்பொருள் அப்டேட் வர வேண்டும். 800 முறை சார்ஜ் ஏறி இறங்கியபின்னும் பேட்டரியில் 80 விழுக்காடு மிஞ்ச வேண்டும். செல்லின் பழுதுபார்க்கும் எளிமைக்கு ஏ முதல் இ வரை தரம் போட்டு லேபிளில் காட்ட வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க், மினசோட்டா, கலிஃபோர்னியா மாநிலங்கள் சட்டம் போட்டுவிட்டன. ஆனால் என் பார்வையில் மிக முக்கியமானது ஒரிகன் மாநிலத்தின் சட்டம். நான் முன்னே விவரித்த அந்த வரிசை எண் பூட்டையே அது தடை செய்கிறது. 2024 மார்ச்சில் அதில் ஆளுநர் கையெழுத்திட்டார். அதை எதிர்த்து ஆப்பிள் அங்கே சாட்சியம் சொல்லியிருந்தது. அதே ஆப்பிள், மறுமாதமே, பயன்படுத்திய ஒரிஜினல் பாகங்களை இனிப் பொருத்தலாம், மென்பொருள் ஏற்கும் என்று அறிவித்தது. முடியாது என்று சொல்லப்பட்டவை எல்லாம் முடியக்கூடியவைதான்.

இந்தியாவுக்கு வருவோம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகம் வகுக்க ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளில், அதற்கென ஓர் இணைய தளம் தொடங்கினார்கள். 2025 மே மாதம், செல்போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் ‘பழுதுபார்ப்புக் குறியீடு’ கொண்டுவரலாம் என்று மற்றொரு குழு அறிக்கை கொடுத்தது. எத்தனை படியில் கழற்ற முடிகிறது, உதிரிபாகம் எவ்வளவு நாளில் கிடைக்கிறது, மென்பொருள் அப்டேட் எத்தனை ஆண்டு என்பன போன்ற அளவுகோல்களில் மதிப்பெண் போட்டு, கடையிலும் பெட்டியிலும் காட்ட வேண்டும் என்பது பரிந்துரை.

வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் அந்த மதிப்பெண்ணை நிறுவனங்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளும் முறைதான் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தினால் அதைச் சரிபார்க்க ஒருவர் வேண்டும். அதைவிட முக்கியம், குறியீடு என்பது தகவல். வாங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வாங்கி மூன்றாம் ஆண்டு டிஸ்ப்ளே உடைந்து, உதிரிபாகம் இல்லை என்று கைவிரித்தால், பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணை வைத்து என்ன செய்வது? பாகம் கிடைக்க வேண்டும், வரைபடமும் கையேடும் கிடைக்க வேண்டும், மென்பொருள் அந்தப் பாகத்தை ஏற்க வேண்டும். இவை கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டருக்குக் கிடைக்கும் அதே விலையில், தெருக்கடைக்கும் கிடைக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தண்டனை வேண்டும். இது இருந்தால்தான் உரிமை.

இது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. ஒரு கார் உரிமையாளரின் புகாரில் தொடங்கிய விசாரணையில், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிக்கடைகளுக்குக் கொடுக்காமல் தடுத்ததுதான் குற்றம். அதன்பின் மேல்முறையீடுகள் நடந்தன. ஆனாலும், உதிரிபாகத்தை முடக்குவது போட்டியை முடக்குவது என்று பத்தாண்டுக்கு முன்பே ஆணையம் சொல்லியிருக்கிறது. காருக்குச் சொன்னதைச் செல்லுக்கும் சொல்லலாம்.

சுற்றுச்சூழல் பற்றிப் பேசாமல் இந்தப் பொருள் முடியாது. ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட கணக்குப்படி 2022இல் உலகம் கொட்டிய மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததற்குப் பதிவு இருப்பது 22.3 விழுக்காடு. மறுசுழற்சி செய்தாலும் தங்கம், செம்பு போன்ற சில உலோகங்கள்தான் திரும்பக் கிடைக்கும். செல்லுக்குள் இருக்கும் சிப்பைச் செய்யச் செலவான தண்ணீரும் மின்சாரமும் திரும்பாது. ஒரு செல் தன் ஆயுளில் வெளியிடும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே வெளியாகிவிடுகிறது. இருக்கிற செல்லை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. அதைச் செய்துகொடுப்பவர் அந்த ரிச்சி தெரு மெக்கானிக். எந்த அரசு விருதுப் பட்டியலிலும் அவர் பெயர் வருவதில்லை.

தமிழ்நாடு என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். நாடு முழுமைக்குமான நுகர்வோர் சட்டம் போடுவது மத்திய அரசின் கையில். ஆனால் எதை வாங்குவது, என்ன நிபந்தனையில் வாங்குவது என்பது மாநிலத்தின் கையில். 2011 முதல் மாணவர்களுக்கென்று லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கிய அரசு நம்முடையது. அதன் டெண்டர் நிபந்தனையில் நான்கு வரி சேர்த்தால் போதும்: ஏழு ஆண்டு உதிரிபாகம், கருவி வாங்கும்போதே சர்வீஸ் கையேடு, பாகங்களில் வரிசை எண் பூட்டு கூடாது, சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் பேட்டரி மாற்ற வழி. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் கம்பெனிகள் கொடுக்கும். ஐ.டி.ஐ.களில் ஸ்மார்ட்போன் டெக்னீஷியன் என்று ஒரு பிரிவே நடக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குக் கம்பெனி வரைபடங்கள் அதிகாரபூர்வமாகக் கிடைக்க வழிசெய்தால், அவர்கள் வைக்கப்போகும் கடைகள் திருட்டு வரைபடத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை செல் வாங்கக் கடைக்குப் போகும்போது, கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்பதற்கு முன், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதற்கு அப்டேட் எத்தனை ஆண்டு வரும்? பேட்டரியும் டிஸ்ப்ளேயும் மாற்ற இன்றைய விலை என்ன? அவை எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும்? பதிலை வாயால் வாங்காமல் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். உதிரிபாகம் இல்லை என்று எந்த சர்வீஸ் சென்டர் சொன்னாலும், அதையும் எழுத்தில் கேட்டு வாங்கி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாராகப் பதிவு செய்யுங்கள். புகார் பதிவாகாத வரை, இப்படி ஒரு குறையே நாட்டில் இல்லை என்றுதான் அரசின் கோப்பில் இருக்கும்.